அளவைச் சுமந்த கருவி

துல்லியத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பெரிய எந்திரங்களின் வரலாற்றையே எழுதினார்கள். ஜான் வில்கின்சனின் துளையிடும் எந்திரம், ஹென்றி மாட்ஸ்லியின் திருகு வெட்டும் லேத், ஜோசப் விட்வொர்த்தின் அளவுமானி, பிரவுன் அண்ட் ஷார்ப்பின் மில்லிங் எந்திரம் என்று அந்தப் பரம்பரை நீளும். பட்டறையில் ஃபிட்டரின் இழுப்பறைக்குள் எண்ணெய்த் துணி சுற்றிக் கிடக்கும் ரீமருக்கு அதில் இடம் கிடைத்ததே இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. ரீமர் புதிதாக ஒன்றையும் உண்டாக்குவதில்லை. ட்ரில் போட்டு முடித்த துளைக்குள் இறங்கி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு மூன்று பங்கைச் சீவி எடுத்து, துளையைச் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து வழவழப்பாக்கிவிட்டு வெளியேறும். துளை கோணலாக இருந்தால் அதுவும் கோணலாகவே போகும். இடம் தவறியிருந்தால் அந்தத் தவறை அப்படியே ஏற்றுக்கொள்ளும். இப்படிப்பட்ட ஒரு கருவியை வரலாற்றின் நடுவில் வைப்பது மிகையாகத் தெரியலாம். ஆனாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே மாதிரியான பாகங்களை ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கியபோது, அளவு என்பது எங்கே வைத்துக் காக்கப்பட்டது என்று கேட்டால், விடையில் பெரும்பங்கு இந்தக் கருவியின் உடம்பில்தான் இருக்கிறது. அளவைச் சுமந்த கருவி தேய்ந்தால் அளவும் தேயும். ஆகவே ரீமரைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும் பட்டறை ஒழுங்கைச் சேர்ந்த சில்லறை வேலைகளாக இருந்ததில்லை. துல்லியம் நிலைத்ததும் நிலைகுலைந்ததும் அவற்றைப் பொறுத்தே அமைந்தது.

கருவி துளையைப் பின்தொடர்வது ஒரு குற்றம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். 1769-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலைக்காக ஜான் ஸ்மீட்டன் ஒரு துளையெந்திரம் வடிவமைத்தார். நீராவி எந்திரத்தின் வார்ப்பிரும்பு உருளையை உட்புறம் சீவ, நீண்ட தண்டின் நுனியில் வெட்டுத்தலையைப் பொருத்தி, அதன் பாரத்தைத் தாங்க உருளைக்குள்ளேயே ஓடும் ஒரு சிறு வண்டியை வைத்தார். வார்ப்பில் உருளை எப்படி வளைந்திருந்ததோ அப்படியே வண்டியும் போயிற்று. வெட்டுத்தலையும் வண்டியோடு போயிற்று. நியூகாமன் வகை எந்திரத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஜேம்ஸ் வாட்டின் எந்திரத்துக்குப் போதவில்லை. பிஸ்டனைச் சுற்றி ஆவி கசிந்துகொண்டே இருந்தது. வில்கின்சன் 1770களின் நடுவில் தண்டை உருளையின் ஊடே முழுதாகச் செலுத்தி, இரு முனையிலும் வெளியே தாங்கிகள் கொடுத்தார். இப்போது வெட்டுமுனைக்கு வழிகாட்டியது தண்டுதான். வார்ப்பின் கோணல் அதைத் தொடவில்லை. 50 அங்குல விட்டமுள்ள ஓர் உருளையில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமன் அளவுக்குக்கூடப் பிழை இல்லை என்று 1776-ல் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்ட்டன் மகிழ்ந்து எழுதினார். இந்த வெற்றியிலிருந்து பாடநூல்கள் ஒரு விதியை வடித்தெடுத்துக்கொண்டன: துளையைப் பின்தொடரும் கருவி பழைமை, எந்திரத்தைப் பின்தொடரும் கருவி புதுமை. 50 அங்குல உருளைக்கு அந்த விதி மெத்தச் சரி. விரல் நுழையாத துளைக்கு அது பொருந்துமா என்று கேட்க யாரும் நிற்கவில்லை. ஐந்து மில்லிமீட்டர் துளைக்குள் இரு முனையும் தாங்கிய தண்டைச் செலுத்தினால், தண்டே நூலாக இளைத்து, வெட்டும்போது வளைந்துபோகும்.

சிறு துளைகளின் உலகம் வேறு கைகளில் இருந்தது. கடிகாரம் செய்தவர்கள் பித்தளைத் தகட்டில் அச்சு நிற்கும் துளையை, ஐந்து பட்டையும் லேசான கூம்புமாக அமைந்த மெல்லிய எஃகுக் கம்பியை விரலால் திருகி, சன்னஞ்சன்னமாக அகலப்படுத்தினார்கள். பிறகு பட்டையே இல்லாத உருண்டைக் கம்பியால் தேய்த்து மெருகேற்றினார்கள். அச்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அது உள்ளே இறங்கும் மட்டும் திருகுவது வழக்கம். துளைக்கு எண்ணாலான அளவு கிடையாது. அதற்குரிய அச்சுதான் அதன் அளவு. துப்பாக்கி செய்தவர்களின் வழி இன்னும் சுவையானது. குழலின் கடைசிச் சீவலுக்கு நீண்ட சதுர எஃகுத் தண்டு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அதன் ஒரு பக்கத்தில் மரப்பட்டை ஒன்றைச் சேர்த்துவிட்டால் எதிர்ப்பக்க விளிம்பு மட்டும் வெட்டும். மரம் உலோகத்தில் அழுந்தித் தண்டை நிதானமாக ஓட்டும். ஒருமுறை ஓட்டிய பிறகு மரத்துக்கும் எஃகுக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகுவார்கள். காகிதத்தின் தடிமன் அளவுக்குக் கருவி பருத்துவிடும். மீண்டும் ஓட்டம், மீண்டும் காகிதம். பிற்காலத்து விரியும் ரீமரின் தத்துவம் முழுவதும் இந்த மரத்திலும் காகிதத்திலும் இருக்கிறது. கருவி துளையைப் பின்தொடரட்டும், ஆனால் அளவை நாம் கொடுப்போம் என்ற ஏற்பாடு இது. நேர்மை ஒரு வேலை, அளவு இன்னொரு வேலை என்று பிரித்துக்கொண்டால் பின்தொடர்வது குறையாகத் தோன்றாது. தனக்குரிய ஒரே வேலையைச் செய்ய, மற்றதை முன்னால் போன கருவியிடம் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

பாகங்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பொருத்தலாம் என்ற கனவு வந்த பிறகு, ‘அதற்குரிய அச்சுதான் அதன் அளவு’ என்ற பழைய முறை செல்லாமல் போயிற்று. 1785-ல் பாரிஸில் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கலைஞர் துப்பாக்கிப் பூட்டுகளின் பாகங்களைக் கலந்து வைத்து, கைக்கு வந்ததை எடுத்துச் சேர்த்துக் காட்டினார். தாமஸ் ஜெஃபர்சன் அதைக் கண்டு அமெரிக்காவுக்கு எழுதினார். 1801-ல் ஈலை விட்னி வாஷிங்டனில் நடத்திய காட்சி இதைவிடப் புகழ்பெற்றது; ஆனால் அவருடைய துப்பாக்கிகளின் பாகங்கள் உண்மையில் மாறிப் பொருந்தவில்லை என்று 1960-ல் ராபர்ட் உட்பரி ஆராய்ந்து எழுதிய பிறகு அந்தப் புகழ் மங்கியது. காரியத்தைச் சாதித்தவர் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் அரசுக்காக 1819 மாதிரித் துப்பாக்கியைச் செய்த ஜான் ஹால். 1827 வாக்கில் அவருடைய துப்பாக்கிகளைச் சோதித்த குழு, பாகங்களைக் கலந்து பொருத்திப் பார்த்து வியந்துபோயிற்று. 1834-ல் கனெக்டிகட்டிலிருந்த சிமியோன் நார்த் செய்த பாகங்கள் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் செய்த பாகங்களோடு பொருந்தின. தொலைவிலுள்ள இரண்டு பட்டறைகள் ஒரே அளவில் வேலை செய்தன என்பதே இங்கே செய்தி. அப்போது பட்டறையில் மைக்ரோமீட்டர் இல்லை. பிரான்ஸில் பால்மர் தன் திருகு அளவுகோலுக்குக் காப்புரிமை பெற்றது 1848-ல். பிரவுன் அண்ட் ஷார்ப் அதைச் சட்டைப்பைக் கருவியாக்கி விற்றது 1868-ல். ஹாலின் காலத்துத் தொழிலாளிக்கு ஆயிரத்தில் ஒரு அங்குலம் என்பது கண்ணுக்கும் கைக்கும் எட்டாத ஒன்று. அவன் கையில் இருந்தவை அளவை எண்ணாகச் சொல்லாமல் உருவாகவே தாங்கி நின்ற பொருள்கள்: கேஜ், ஜிக், ரீமர்.

இங்கே எழும் மறுப்பை ஒதுக்க முடியாது. அளவைக் காத்தது கேஜ்தானே, ரீமர் எப்படி அந்தப் பெருமைக்கு உரியதாகும்? ஹாலின் துப்பாக்கிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட கேஜ்கள் இருந்தன என்பது வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டும் செய்தி. வேலைக்கு ஒரு தொகுதி, சோதனைக்கு ஒன்று, இரண்டையும் சரிபார்க்கத் தனியாகப் பூட்டி வைத்த மூலத் தொகுதி ஒன்று என்ற அடுக்குமுறை ஆயுதசாலைகளில்தான் உருவாயிற்று. வெட்டவே வெட்டாத கேஜ்கூடத் தேயும் என்று அறிந்து செய்த ஏற்பாடு அது. வெட்டுவதற்காகவே பிறந்த ரீமர் தேயாமல் இருக்குமா என்று கேட்பது நியாயம். ஆனால் துளையின் இயல்பை நினைத்துப் பார்க்க வேண்டும். வெளிப்புற அளவு கூடுதலாக நின்றால் அரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்துச் சரிசெய்யலாம். துளை ஒருமுறை பெரிதாகிவிட்டால் அதைச் சிறிதாக்கும் அரம் கிடையாது. கேஜ் அந்தச் செய்தியைத் தருவதற்குள் பாகம் கழிவாகிவிடும். கேஜ் தீர்ப்புச் சொல்லும். குற்றம் நடக்காமல் தடுக்காது. துளையை முதலிலேயே சரியான அளவில் நிறுத்த வேண்டிய பொறுப்பு கருவியின் மேல்தான் விழுந்தது. கேஜ் தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் ரீமர் தன் அளவில் நிற்க வேண்டும். ரீமர் தேயும் என்பது இந்த வாதத்தைத் தளர்த்தவில்லை. அதைப் பேணும் வேலை ஏன் அவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்கு அதுவே விளக்கம்.

பேணுவது எளிதாக இல்லை. கரிம எஃகில் பல் வெட்டி, அரம் போட்டு அளவுக்குக் கொண்டுவந்த கருவியைச் சூடேற்றித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கடினமாகும். கூடவே வளையும், பருக்கும், சில வேளை வெடிக்கும். மிருதுவாக இருந்தபோது பெற்ற அளவு கடினமான பிறகு கையில் இருக்காது. கடினமான எஃகை அரம் தொடாது. எண்ணெய்க் கல்லால் பல் பல்லாகத் தேய்த்துத்தான் சரிப்படுத்த வேண்டும். ஒரு நல்ல ரீமர் அக்காலத்தில் ஒரு கைவினைஞனின் பொறுமைக்குச் சமம். இதை மாற்றியது சாணை எந்திரம். பிரவுன் அண்ட் ஷார்ப்பின் ஜோசப் பிரவுன் வடிவமைத்த பல்நோக்குச் சாணை எந்திரம் 1876-ல் வந்தது. கடினப்படுத்திய பிறகு, சுழலும் எமரிச் சக்கரத்தால் அளவுக்குக் கொண்டுவரலாம் என்று ஆனபோதுதான் ரீமர் ஒரு விலைப்பொருளாகி, குறித்த அளவில் வாங்கவும் திருப்பித் தீட்டவும் கூடியதாயிற்று. இதற்கு முன்பே ட்ரில்லும் மாறியிருந்தது. தட்டை முனை கொண்ட பழைய ட்ரில் அலைந்து திரிந்து கரடுமுரடான துளையை விட்டுச்செல்லும். 1863-ல் ஸ்டீபன் மோர்ஸ் முறுக்கு ட்ரில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு நியூ பெட்ஃபோர்டில் அவர் பெயரால் நிறுவனம் எழுந்தது. பிரவுனின் புகழ்பெற்ற மில்லிங் எந்திரமே அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் துப்பாக்கி உறுப்பு ஒன்றில் துளையிடும் முறுக்கு ட்ரில்லின் காடிகளை வெட்டித் தருவதற்காகப் பிறந்ததுதான். முன்னால் போகும் கருவி நேராகவும் அளவுக்கு நெருங்கியும் துளையிட்டால், பின்னால் வரும் ரீமருக்கு வேலை குறையும். வேலை குறைந்தால் ஆயுள் கூடும். எந்திர வரலாறுகளில் தனித்தனி அத்தியாயங்களாக நிற்கும் இவை ஒரே சிக்கலின் இரு பாதிகள்.

ரீமரின் வடிவமே அது அளவுக்காக வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி. பற்களைச் சமமான இடைவெளியில் அமைத்தால் ஒரு பல் விட்ட தடத்தில் அடுத்த பல் சரியாக விழுந்து, கருவி அதிரத் தொடங்கும். துளையின் சுவரில் அலையலையாகப் பட்டைகள் விழும். ஆகவே இடைவெளியைக் கொஞ்சம் முன்பின்னாக்கினார்கள். பற்களின் எண்ணிக்கையை ஒற்றைப்படையாக வைத்தாலும் அதிர்வு குறையும்தான். ஆனால் ஒற்றைப்படைப் பற்களை மைக்ரோமீட்டரின் இரு முகங்களுக்கு நடுவே வைத்து விட்டத்தை அளக்க முடியாது; ஒரு பல்லுக்கு நேர் எதிரே இன்னொரு பல் இருக்க வேண்டும். எனவே எண்ணிக்கை இரட்டைப்படை, இடைவெளி சமமற்றது, ஆனால் எதிரெதிர்ப் பற்கள் நேர்க்கோட்டில் என்ற விசித்திரமான சமரசம் நிலைத்தது. வெட்டுவதற்கு ஏற்ற வடிவமும் அளப்பதற்கு ஏற்ற வடிவமும் மோதிய இடத்தில் அளப்பது விட்டுக்கொடுக்கவில்லை. சுருள் காடியிலும் இதே கவனம் தெரியும். வலப்பக்கம் சுழன்று வெட்டும் ரீமருக்குக் காடியை இடச்சுருளாக அமைப்பது வழக்கம். வலச்சுருளாக இருந்தால் திருகு மரையைப் போலத் தன்னைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு துளையைப் பெருக்கிவிடும். இடச்சுருள் எதிர்த்துத் தள்ளும், சீவலையும் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். அடைபட்ட துளையில் முன்னே தள்ளிய சீவல் போக வழியில்லை. அங்கே நேர்க்காடியோ வலச்சுருளோ வேண்டும். சாவிக்காடி வெட்டிய துளையில் நேர்க்காடிப் பல் காடிக்குள் விழுந்து தட்டும். சுருள் பல் ஒரே நேரத்தில் பல இடங்களில் தாங்கி நிற்பதால் தப்பிக்கும். எந்த ரீமரை எடுப்பது என்ற கேள்விக்கு விடை, துளை எப்படிப்பட்டது என்பதிலிருந்தே வந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று கணக்குப் பார்ப்பது தகும், ஏனென்றால் பேணுதல் என்ற சொல்லுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பது கணக்கில்தான் வெளிப்படும். இன்றைய உலகத்தர ஏற்பாட்டில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைக்கு எச்7 என்று வரைபடத்தில் குறித்தால், துளை 10.000-க்கும் 10.015-க்கும் நடுவே இருக்க வேண்டும். அதற்கு 10.000 மில்லிமீட்டர் ரீமர் வாங்கினால் அது வந்த அன்றே தேய்ந்த கருவி. ஜெர்மனியின் டின் 1420 தரம், துளையின் மேல்வரம்பிலிருந்து, இரு வரம்புகளுக்கும் நடுவே விட்ட தாராளத்தில் 15 விழுக்காட்டைக் கழித்து அதை ரீமரின் மேல்வரம்பாகவும், அதற்குக் கீழே 35 விழுக்காட்டை உற்பத்தியாளரின் தாராளமாகவும் வைக்கிறது. 10 எச்7 ரீமர் 10.006-க்கும் 10.012-க்கும் நடுவே நிற்கும். மேலே விட்ட 15 விழுக்காடு, கருவி தன் உடம்பைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டும் இயல்புக்கு விட்ட இடம். கீழே எஞ்சிய பாதி, தேய்மானத்துக்காக முன்கூட்டியே ஒதுக்கிய சொத்து. ஆறு முதல் பன்னிரண்டு மைக்ரான் வரை. அவ்வளவுதான் அந்தக் கருவியின் வாழ்நாள். ரீமரைத் தீட்டும்போது முன்சரிவை மட்டுமே தொட வேண்டும், சுற்றுவட்ட விளிம்பைத் தொடக்கூடாது என்ற பட்டறை விதி இந்தக் கணக்கிலிருந்து பிறக்கிறது. உண்மையில் வெட்டுவது முன்சரிவுதான்; பின்னால் வரும் மெல்லிய வட்டப்பட்டை வழிகாட்டி மெருகேற்றும். பட்டையில் சாணைச் சக்கரம் ஒருமுறை பட்டாலே அந்தச் சொத்து முழுவதும் போய்விடும். ரீமரைப் பின்னோக்கிச் சுழற்றக்கூடாது என்பதும் இதைச் சேர்ந்ததே. பின்னோக்கிச் சுழற்றினால் சீவல் பல்லின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி விளிம்பை நொறுக்கும். ஆகவே வெளியே எடுக்கும்போதும் வெட்டும் திசையிலேயே திருகியபடி எடுக்க வேண்டும். அரங்களோடும் சுத்தியலோடும் சேர்த்து ஒரே இழுப்பறையில் போடாதே என்ற கண்டிப்பும் வெறும் ஒழுங்குக்காக எழுந்ததில்லை.

பழைய ஃபிட்டர்கள் இந்தச் சொத்தைச் சற்று நீட்டிக்கவும் அறிந்திருந்தார்கள். தேய்ந்து சிறுத்த ரீமரின் பல்முகத்தைக் கடினமான, வழவழப்பான எஃகுத் துண்டால் அழுத்தித் தேய்த்தால் விளிம்பு மிகச் சன்னமாக வெளியே பிதுங்கும். அங்குலத்தில் பத்தாயிரத்தில் சில பங்கு கூடும். அடுத்த சில துளைகளுக்கு அது போதும். அதற்குமேலும் தேய்ந்தால் அடுத்த சிறிய அளவுக்குச் சாணை பிடித்துப் பதவியிறக்கம் செய்துவிடுவார்கள். அளவு எண்ணாக மட்டும் இருக்கும் இடத்தில் இப்படியொரு தந்திரத்துக்கு வேலையே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரீமரின் அளவும் துளையின் அளவும் ஒன்றாகவே இருப்பதில்லை. வார்ப்பிரும்பில் துளை பொதுவாகக் கருவியைவிடச் சற்றுப் பெரிதாக விழும். மெல்லிய சுவருள்ள புஷ்ஷில் உலோகம் விரிந்து கொடுத்துவிட்டுப் பிறகு சுருங்குவதால் துளை சிறிதாக நிற்கும். ஊற்றும் எண்ணெய் மாறினால் இதுவும் மாறும். வெட்டுவதற்கு விடும் மிச்சம் அதிகமானால் பல் திணறித் துளையைக் கிழிக்கும். மிகக் குறைந்தால் பல் வெட்டாமல் உரசி, உலோகத்தை இறுக்கி, தானும் மழுங்கும். கையால் திருகும் ரீமருக்கு மில்லிமீட்டரில் நூறில் ஐந்திலிருந்து பத்துப் பங்கு, எந்திரத்தில் ஓட்டும் 10 மில்லிமீட்டர் ரீமருக்குப் பத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு என்பது பட்டறைகளில் நிலைத்த வழக்கம். ட்ரில்லைவிட மெதுவாகச் சுழற்று, ஆனால் வேகமாக உள்ளே செலுத்து என்ற, புதியவருக்குத் தலைகீழாகத் தோன்றும் அறிவுரையும் உரசலைத் தவிர்க்கத்தான். ஆகவே ரீமரைத் தேர்ந்தெடுப்பது, இந்த உலோகத்தில், இந்த எண்ணெயில், இந்தச் சுவரில் துளை எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணிப்பாகவே இருந்தது.

இத்தனை அறிவும் யாரிடம் இருந்தது என்பது அடுத்த கேள்வி. அளவு கருவிக்குள் போய்விட்டதால் தொழிலாளி வெறும் கைப்பிடியாகிவிட்டான், திறமை செத்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஃபிரெடரிக் டெய்லர் 1906-ன் இறுதியில் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தில் உலோக வெட்டுக்கலை பற்றி வாசித்த உரையில், தொழிலாளி தன் கருவியைத் தானே தீட்டிக்கொள்வதை நிறுத்தி, எல்லாக் கருவிகளையும் ஒரே வடிவில் தனி அறையில் தீட்டித் தர வேண்டும் என்று வாதிட்டார். டெய்லரின் நோக்கம் வேகமும் கட்டுப்பாடும். லேத் கருவியைப் பொறுத்தவரை தொழிலாளியிடமிருந்து ஏதோ பறிபோனது என்று ஒப்புக்கொள்ளலாம். ரீமரில் கதை அப்படியே ஒத்துவரவில்லை. திறமை மறைந்துபோகாமல் துளையிடும் மேசையிலிருந்து டூல் ரூமுக்கு இடம்பெயர்ந்தது. புதிதாக வந்த ஒருவர் ரீமரைத் திருகி மைக்ரான் கணக்கில் சரியான துளையை எடுக்க முடிந்ததற்குக் காரணம், பக்கத்து அறையில் ஒருவர் பல்லாண்டுப் பழக்கத்தோடு அந்த ரீமரின் முன்சரிவை எல்லாப் பல்லிலும் ஒரே உயரத்தில் தீட்டி வைத்ததுதான். ஒரு பல் மட்டும் சற்று உயர்ந்து நின்றால் அந்தப் பல்லே எல்லாவற்றையும் வெட்டும், துளை பெரிதாகும். இதில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று சொல்ல வரவில்லை. கூலியும் மதிப்பும் டூல் ரூமில் சேர்ந்தன, எந்திரத்தின் முன் நின்றவருக்குக் குறைந்தன. ஆனால் திறமையே தேவைப்படாத துல்லியம் என்று ஒன்று அப்போதும் இருக்கவில்லை.

மாற்றிப் பொருந்துவது எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வரவில்லை என்பதும் இந்த வாதத்துக்கு உதவும். சிங்கர் தையல் எந்திர நிறுவனம் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் எந்திரங்களைச் செய்துகொண்டிருந்த 1880 வாக்கிலும் அங்கே பாகங்களை அரம் போட்டுத்தான் பொருத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் டேவிட் ஹவுன்ஷெல் விரிவாகக் காட்டியிருக்கிறார். வளைந்த பக்கங்களும் வெளி விளிம்புகளும் நிறைந்த பாகத்தில் அளவைத் தன் உடம்பில் சுமக்கும் கருவி கிடையாது; அங்கே அரமும் கண்ணுமே வழி. வட்டத் துளையில் மட்டும் கருவியின் குறுக்குவெட்டும் வேலையின் குறுக்குவெட்டும் ஒன்றாக அமைகின்றன. துளையை முதலில் நிலைநிறுத்தி, அச்சைத் துளைக்கு ஏற்பச் சாணை பிடிக்கும் ஏற்பாடு பின்னாளில் தரங்களாக எழுதப்பட்டதற்கும் இதுதான் காரணம் என்பது என் கருத்து. அச்சை எந்த அளவுக்கும் சாணை பிடிக்கலாம்; ரீமரை அப்படி ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஒவ்வொன்றாக வாங்கி அடுக்க முடியாது. ஒரே ரீமர், ஒரே துளை, பொருத்தம் வேண்டியபடி அச்சு மாறட்டும் என்பது காசை எண்ணிப் பார்த்தவர்களின் முடிவு. 1908-ல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் திடலில் மூன்று காடிலாக் கார்களைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, 89 பாகங்களுக்குப் பதில் விற்பனையாளரின் கிடங்கிலிருந்து புதியவற்றை எடுத்துக்கொண்டு, ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் மட்டும் கொண்டு மீண்டும் கோத்து, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். காடிலாக்கை நடத்திவந்த ஹென்றி லீலண்ட் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையிலும் கோல்ட் துப்பாக்கி ஆலையிலும் பிரவுன் அண்ட் ஷார்ப்பிலும் வேலை பார்த்தவர். அந்த 500 மைலுக்குப் பின்னால் ஆயுதசாலைகளின் அரை நூற்றாண்டுப் பழக்கம் இருந்தது.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று எந்திரத் தொழிற்சாலையில் இல்லை, மோட்டார் ஒர்க்ஷாப்பில் இருக்கிறது. லாரியின் கிங்பின் புஷ்ஷையும் பிஸ்டன் பின் புஷ்ஷையும் மாற்றும் மெக்கானிக் பயன்படுத்துவது, சரிந்த பள்ளங்களில் நகரும் தகடுகளைக் கொண்ட சரிசெய்யும் ரீமர். இரு பக்கமும் உள்ள நட்டைத் திருகினால் தகடுகள் ஏறி இறங்கி அளவு மாறும். கொஞ்சம் ஓட்டி, பின்னைச் செருகிப் பார்த்து, நட்டை இன்னும் கொஞ்சம் திருகி, பின் கையழுத்தத்தில் இறங்கும் வரை ஓட்டுவது வேலை. இது பதினெட்டாம் நூற்றாண்டுக் கடிகாரக்காரரின் முறையேதான்: அதற்குரிய பின்தான் அதன் அளவு. நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளுக்கும் இந்த முறை அந்நியமில்லை. இங்கே ரீமர் அளவைச் சுமக்கவில்லை. மாற்றிப் பொருந்துவதற்கு நேர் எதிரான காரியத்துக்கு உதவுகிறது. இதை மறுக்க வழியில்லை, மறுக்கவும் வேண்டாம். தேய்ந்த வண்டியில் எந்தப் பாகமும் வரைபடத்தில் உள்ள அளவில் இருப்பதில்லை. பழுதுபார்க்கும் தொழிலுக்குப் பொருத்தம்தான் வேண்டும், தரம் வேண்டியதில்லை. ஒரே கருவி இரண்டு பக்கமும் வேலை செய்தது என்பதால், அளவைக் கருவிக்குள் நிலையாகப் பூட்டுவது தானாக நடந்த ஒன்று அல்ல, யாரோ விரும்பி எடுத்த முடிவு என்பது தெளிவாகிறது. சென்னையின் அடிசன் போன்ற நிறுவனங்கள் செய்து விற்ற திட ரீமரும் சரிசெய்யும் ரீமரும் ஒரே கடையின் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்; எதை எடுப்பது என்பது வாங்குபவர் புதிதாகச் செய்கிறவரா, பழையதைக் காப்பாற்றுகிறவரா என்பதைப் பொறுத்தது.

உலோகமும் மாறிற்று, ஆனால் மற்ற கருவிகளில் மாறிய வேகத்தில் மாறவில்லை. நூற்றாண்டு திரும்பும் வேளையில் பெத்லகேம் உருக்காலையில் டெய்லரும் அவருடைய சகா வைட்டும் உருவாக்கிய அதிவேக எஃகு, 1900 பாரிஸ் கண்காட்சியில் முனை செந்தணலாகக் கனன்றபடியே வெட்டிக் காட்டியது. லேத் கருவிகளின் உலகம் சில ஆண்டுகளில் தலைகீழாயிற்று. கையால் திருகும் ரீமர்கள் பல காலம் கரிம எஃகிலேயே நீடித்தன. கரிம எஃகு 250 டிகிரி செல்சியஸை ஒட்டி மிருதுவாகத் தொடங்கும் என்பது அவற்றுக்குப் பொருட்டல்ல; கைத்திருகலில் அந்தச் சூடு வருவதில்லை, விளிம்போ மிகக் கூர்மையாக நிற்கும். 1920களின் பிற்பாதியில் ஜெர்மனியின் க்ரூப் நிறுவனம் வீடியா என்ற பெயரில் கார்பைடைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகும் ரீமருக்கு அது வேண்டப்பட்டது வேகத்துக்காக அதிகம் இல்லை, தேயாமைக்காகவே. சிலிக்கான் கலந்த அலுமினிய வார்ப்பு எஃகு விளிம்பைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆறு மைக்ரான் சொத்து வைத்திருப்பவருக்கு அது பெரிய இழப்பு.

கணினி வழி நடக்கும் எந்திரங்கள் வந்த பிறகு ரீமருக்கு என்ன வேலை என்பது கடைசி மறுப்பு. பெரிய துளைகளில் இது பெரும்பாலும் உண்மை. போரிங் தலை ஒரு மைக்ரான் நகர்த்தக்கூடியது. தேய்ந்தால் நகர்த்திக்கொள்ளலாம், இடமும் நேர்மையும் அதோடு கிடைக்கும். இன்ஜின் சிலிண்டரின் உட்சுவரை ஹோனிங் கல் முடித்துத் தருகிறது. வில்கின்சன் வென்ற களத்தில் அவருடைய வாரிசுகளே இன்றும் வெல்கிறார்கள். ஆனால் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டைத் திருப்பிப் பார்த்தால் வால்வு கைடுகள் இருக்கும். ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டம், அதைப்போல் பல மடங்கு ஆழம், ஒரு ஹெட்டில் பதினாறு துளைகள். துளை சற்றுப் பெரிதானால் எண்ணெய் கசிந்து எரியும். சிறிதானால் வால்வு இறுகும். வால்வு உட்காரும் இருக்கை துளையோடு ஒரே மையத்தில் நிற்க வேண்டும் என்பதால், இருக்கையை வெட்டும் முனையும் துளையை முடிக்கும் ரீமரும் ஒரே பிடிப்பில் வேலை செய்யும்படி எந்திரத்தை அமைக்கிறார்கள். அந்தக் கார்பைடு ரீமர் இத்தனை துளை போட்டதும் எடுத்து மாற்று என்று எந்திரத்தின் எண்ணி சொல்லும்; எடுத்ததைப் பெட்டியில் தனித்தனிக் குழிகளில் வைத்துத் தீட்டுமிடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே முன்சரிவை மட்டும் தொட்டு, விட்டத்தை அளந்து, மிச்சம் எத்தனை மைக்ரான் என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள்.